தூரத்திலிருந்து திறக்கும் கதவு

தலைமன்னாரில் ஒரு வீட்டில் கணினி மக்கர் பண்ணினால், அதை மன்னாருக்குத் தூக்கிச் செல்வதைவிட கட்டாரில் இருக்கும் மகனிடம் சொல்வது லேசு. அவர் எனிடெஸ்க் போன்ற ஒரு செயலி வழியாக அங்கிருந்தே உள்ளே வந்து சரிசெய்து விடுகிறார். திரையில் அம்புக்குறி தானாக நகர்வதை உம்மா வியப்போடு பார்த்திருக்கிறார். நல்ல வசதிதான். வேலை முடிந்தபின் அந்தக் கதவைச் சாத்தினீர்களா?

ஒவ்வொரு முறையும் நீங்கள் சம்மதம் கொடுத்தால்தான் வரலாம் என்றிருந்தால் கவலை குறைவு. "உம்மாவுக்கு ஏன் சிரமம்" என்று மகன் நிரந்தரக் கடவுச்சொல் வைத்திருந்தால், அதை அறிந்த எவரும் கேட்காமலே நுழையலாம். ஸலாம் சொல்லி அனுமதி கேட்காதவரை வீட்டுக்குள் விடாத நாம், குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் உள்ள இடத்தை இப்படி விடலாமா?

"ஏழை வீட்டை யார் தேடி வரப்போகிறார்?" என்பீர்கள். ஆள் தேடி வருவதில்லை. விண்டோஸின் தொலை நுழைவு வழக்கமாக 3389 என்ற இலக்க வாயிலில் இயங்கும். அந்த வாயில் எங்கே திறந்திருக்கிறதென்று இணையம் முழுவதும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கவே நிரல்கள் உண்டு. பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த கடவுச்சொல் அவற்றுக்கு அற்பம். ரவுட்டரில் அந்த வாயிலைத் திறந்திருந்தால் மூடிவிடுமாறு மகனிடம் சொல்லுங்கள். தொலை நுழைவு தேவையென்றால் நீண்ட கடவுச்சொல்லும், கைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். செயலியையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்ததை அறிவித்தது.

"வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை ஏற்றி அதில் தெரியும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால், உடனே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆனால் போன கோப்புகளைச் சட்டம் மீட்டுத் தராது. 2023 ஆகஸ்டில் நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை ஒரு கும்பல் பூட்டியபோது, பிரதி இல்லாததால் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் தொலைந்தே போயின.

அந்நியர் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். படங்களுக்கும் பத்திரங்களுக்கும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். கணினியிலேயே செருகி விட்டால், வந்தவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.