உறுதியில் உங்கள் பெயர், பணம் யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம். பொத்துவில், அறுகம்பைப் பக்கம் காணி உள்ளவர்களும், காணி புரோக்கர் வேலை பார்க்கும் தம்பிமாரும் கடைசி வரை வாசியுங்கள். திட்டுவதென்றால் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை என்னிடம் படிக்கும் பிள்ளையின் வாப்பா ஒருவர் தேத்தண்ணிக் கடையில் பிடித்துக்கொண்டார். "சேர், வெள்ளைக்காரன் ஒருத்தன் என்ட பேர்ல கடற்கரைக் காணி வாங்கப் போறான். கையொப்பம் மட்டும் வெச்சாப் போதுமாம். காசி தாறானாம்." இவர் அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர். அவர் பெயரில் கடலோரத்தில் கபானா!

இது தந்திரமல்ல, மோசடி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணியை விற்க முடியாது. பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் முடியாது. மீறி எழுதிய உறுதி செல்லாது. தொடர்மாடி வீட்டுக்கு விதிவிலக்கு உண்டு. அது கொழும்புக்குச் சரி, கபானாவுக்குச் சரிவராது. ஆகவேதான் நம்மவரின் பெயரைத் தேடி வருகிறார்கள். அல்லது கம்பனி ஒன்றைத் திறந்து, 51 வீதப் பங்கை நம்மில் ஒருவர் பெயரில் கடதாசியில் மட்டும் எழுதுகிறார்கள்.

வாங்குகிறவனுக்கு மிஞ்சுவது என்ன? நம்மவர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம். சட்டத்தை ஏய்க்கச் செய்த ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றம் நிறைவேற்றித் தரும்? நாளை நம்மவர் "காணி என்னுடையது" என்றால், பணம் போட்டவன் நடுத்தெருவில். அவன் பாவம் என்று நான் எழுதவில்லை. அந்த "நாளை"யில் நாம் எப்படிப்பட்ட மனிதர்களாக இருப்போம் என்பதுதான் என் பயம்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. பெயர் கொடுத்தவர் மௌத்தானால்? 1931இன் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி அந்தக் காணி அவருடைய சொத்தாகவே பங்கு போகும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டிலொன்று, ஆண்பிள்ளைக்குப் பெண்பிள்ளையைப் போல இரண்டு மடங்கு. வாப்பா இரவலாகக் கொடுத்த பெயருக்காகப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அமானிதம் என்று ஒரு பிள்ளை சொல்லும், ஹலால் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இதற்கு எந்த மௌலவியிடம் போய் நிற்பது?

அடுத்தது கரையோரச் சட்டம். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கட்டியதை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அது உறுதியில் பெயர் உள்ளவரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பணம் போட்டவர் அப்போது எந்த நாட்டில் நிற்பாரோ! சுனாமிக்குப் பிறகு 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்று நம் சனத்தை விரட்டியதை மறந்துவிட்டோமா? அன்று கிடுகுக் கொட்டிலுக்காக அழுதவர்கள் நாம்.

பெர்மிட் காணியையும் இதே கூத்தில் சேர்க்கிறார்கள். பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு கையொப்பம் வைத்தார் என்பதற்காக இல்லாத உரிமை வந்துவிடாது.

"அப்ப நாங்க பிழைக்க வேண்டாமா சேர்?" என்று கேட்பீர்கள். பிழையுங்கள். உறுதிக் காணி உங்களுடையதாக இருந்தால் குத்தகைக்குக் கொடுங்கள். வெளிநாட்டவருக்கு 99 வருடம் வரை குத்தகை கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. நல்ல சட்டத்தரணியிடம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். காசும் வரும், மண்ணும் பிள்ளைகளுக்கு மிஞ்சும். இது புரோக்கர் தம்பிமாருக்குத் தெரியாததல்ல. விற்பனையில் கிடைக்கும் கொமிசன் குத்தகையில் கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்த வாப்பா இன்னும் கையொப்பம் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடதாசிகளோடு வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமாவது இப்படிக் கடதாசி இருந்தால் அவர்களும் வரலாம்.