டீசல் காருக்கும் ஈரம் பாருங்கள்

மண்ணச்சநல்லூர் வட்டார விவசாயிகளுக்குப் பேரம் புதிதல்ல. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அரிசி ஆலையிலும் ஈரத்தைக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள். அந்தக் கண்டிப்பைப் பழைய டீசல் கார் வாங்கும்போது நாம் காட்டுவதில்லை. கேட்ட விலையில் பத்தாயிரம் குறைத்துவிட்டால் லாபம் என்று எண்ணுகிறோம். குறையை அறியாமல் விலையைக் குறைப்பது பேரமாகாது.

முதலில் ஆயுளைப் பாருங்கள். பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குத்தான். 2014-இல் பதிவான காரை 2029-இல் தகுதி காட்டி, கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. 'புதுசு மாதிரி' என்ற பேச்சில் மயங்க வேண்டாம்.

காலையில், எஞ்சின் சூடேறும் முன்பே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரிலோ டர்போவிலோ கோளாறு இருக்கலாம். தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். டயர், பேட்டரி, கிளட்ச் முதலிய செலவுகளைத் தாளில் எழுதி, கேட்கும் விலையில் கழியுங்கள். மிஞ்சுவதே நியாய விலை. கார் மீது கடன் இருந்தால், தீர்ந்ததற்கான வங்கிச் சான்றைக் காணாமல் முன்பணம் தரக்கூடாது.

குறையற்ற வண்டிக்கு உரிய விலை கொடுப்பதும் நம் கடமையே. ஆனால் கணக்குக்கு இணங்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் கையில் இருப்பது ஒரு போகத்து உழைப்பு.