ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் புற்றுநோய்: இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்குமா?
சட்டம் இருக்கு, பட்டியலில் நோயும் இருக்கு. வழக்கு தோற்பது காகிதம் இல்லாமல்தான்

சென்னிமலை:

தறிக்குடோன், கோழிப்பண்ணை, மாட்டுக்கொட்டகை, வாடகைக்கு விடும் லைன் வீடு. சென்னிமலை வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். ஓட்டை விட விலை மலிவு, ஒரே நாளில் கூரை போட்டு விடலாம் என்பதால் ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வாங்கிப் போட்டார்கள்.

கூரை மேல் சும்மா கிடக்கும் ஷீட்டை விட ஆபத்து அதன் தூசியில்தான். ஆலையில் நாரையும் சிமெண்டையும் கலக்கும்போது, ஷீட்டை அறுக்கும்போது, துளை போடும்போது, பழைய கூரையை உடைத்து இறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கிறது. மூச்சோடு உள்ளே போனது வெளியே வருவதில்லை. 20 வருஷம், 30 வருஷம், சிலருக்கு 40 வருஷம் கழித்துக்கூட நோயாகத் தலைகாட்டுகிறது.

அதற்குள் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். கம்பெனி பெயர்கூட மாறியிருக்கும். இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் "இனி யாரைப் போய்க் கேக்கறதுங்க" என்று விட்டு விடுகிறார்கள். விட வேண்டியதில்லை. கேட்பதற்கு சட்டத்தில் இடம் இருக்கிறது.

என்ன நோய்?

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் முக்கியமாக 3 நோய்கள் வருகின்றன. நுரையீரல் இறுகிப் போய் மூச்சு வாங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஒன்று. நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. மூன்றாவது, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி விட்டது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதற்குத் தடை. அமெரிக்கா 2024 மார்ச் மாதம் வெள்ளை ஆஸ்பெஸ்டாசுக்கு தடை ஆணை போட்டது. இந்தியாவில் தடை இல்லை. வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பது தொடர்கிறது.

கொங்கு மண்டலத்துக்கும் இந்தத் தொழில் புதிதல்ல. நாட்டின் முதல் ஆலைகளில் ஒன்று 1934-ல் மத்திய பிரதேசம் கைமூரில் தொடங்கியது. அதே நிறுவனம் 1953-ல் கோவை போத்தனூரிலும் ஆலை அமைத்தது. ஆலையில் வேலை செய்தவர்கள் ஒரு பக்கம். ஊர் ஊராகப் போய் ஷீட் அறுத்துக் கூரை போட்டவர்கள் இன்னொரு பக்கம். நோய் இருவருக்கும் ஒன்றுதான். நஷ்டஈடு வழிதான் வேறு வேறு.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காக 1986-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போட்டது. 9 வருஷம் கழித்து, 1995 ஜனவரி 27-ந்தேதி தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலம் என்பது அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று கோர்ட்டு சொன்னது. ஆஸ்பெஸ்டோசிஸ் இருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு ஆலை நிர்வாகம் தலா ரூ.1 லட்சம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காத இன்னொரு உத்தரவு உண்டு. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளில் இருந்து குறைந்தது 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆலை பாதுகாக்க வேண்டும். உதாரணமாக 1990-ல் சேர்ந்தவரின் பதிவேடு 2030 வரை இருந்தாக வேண்டும். "பழைய ரெக்கார்டு எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று ஆலை சுலபமாகக் கை விரிக்க முடியாது.

ஆஸ்பெஸ்டாசைத் தடை செய்யக் கோரிய இன்னொரு வழக்கில் 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தடை விதிக்க மறுத்தது. ஆனால் 1995 உத்தரவுகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மறுபடியும் வலியுறுத்தியது.

முதல் வழி: இ.எஸ்.ஐ.

இறந்தவர் இ.எஸ்.ஐ.யில் பதிவானவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாசால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நோயால் இறந்தால், ஆலை விபத்தில் இறந்ததற்குச் சமம். குடும்பத்துக்கு மொத்தமாகப் பணம் வராது. மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை வரும். தொழிலாளியின் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் என்பது கணக்கு. இதை மனைவி, பிள்ளைகள் பங்கிட்டுக் கொள்வார்கள். மனைவிக்கு ஆயுள் முழுக்க, அல்லது மறுமணம் செய்யும் வரை கிடைக்கும்.

நோய் வேலையால்தான் வந்ததா என்பதை இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு பார்க்கும். வேலையை விட்டு வெகுகாலம் கழித்து நோய் வந்திருந்தால் இழுபறி வரலாம். மறுத்தால் இ.எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் போகலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இ.எஸ்.ஐ.யில் இருந்தவருக்காக அதே நோய்க்கு முதலாளியிடம் தனியாகத் தொழிலாளர் இழப்பீடு கேட்க முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

இரண்டாவது வழி: தொழிலாளர் இழப்பீடு

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம்தான் கை கொடுத்து வந்தது. அதுவும் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்து விட்டன. 2020-ல் நிறைவேறிய இந்தச் சட்டம் 2025 நவம்பர் 21-ந்தேதி அமலானது. தொழில்சார் நோய்ப் பட்டியல் இதிலும் உண்டு. எந்தச் சட்டம் பொருந்தும் என்பது இறந்த தேதியைப் பொறுத்து மாறும்.

கணக்கு இதுதான். மாதச் சம்பளத்தில் பாதி, பெருக்கல் வயதுக்கேற்ற காரணி. 50 வயதுக்கு காரணி 153.09. 60 வயதுக்கு 117.41. 65 வயதுக்கு 99.37. 2020 ஜனவரியில் மத்திய அரசு சம்பள உச்சவரம்பை ரூ.15 ஆயிரம் ஆக்கியது. அந்த வரம்பில் 50 வயதில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.11 லட்சத்து 48 ஆயிரத்து 175 வரும். 60 வயது என்றால் ரூ.8 லட்சத்து 80 ஆயிரத்து 575.

இங்கேதான் முதலாளி தரப்பு வக்கீல் மடக்குவார். "வேலையை விட்டப்போ சம்பளம் 3 ஆயிரம்தானே?" என்பார். அதை ஏற்றால் 65 வயதுக்காரர் குடும்பத்துக்கு ரூ.1 லட்சத்து 49 ஆயிரம்தான். எந்தச் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பது என்ற வாதம்தான் லட்சங்களைத் தீர்மானிக்கும். எப்படிப் பார்த்தாலும் 1923 சட்டப்படி இறப்புக்குக் குறைந்தபட்சம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் தந்தாக வேண்டும். தர வேண்டிய தொகையை ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும் உண்டு.

வேலையை விட்ட பிறகு நோய் வந்தாலும், அந்த வேலையால்தான் வந்தது என்று நிரூபித்தால் கேட்கலாம். காண்டிராக்ட் தொழிலாளி என்றால் மேஸ்திரியைத் தேட வேண்டாம். வேலை கொடுத்த பிரதான நிறுவனமே பொறுப்பு.

பழைய சட்டத்தில், இறந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். இருந்தாலும் 2 வருஷத்தைத் தாண்ட விடாமல் இருப்பதே நல்லது.

யாருக்கு வழி இல்லை?

சொந்தமாகத் தொழில் செய்து ஷீட் போட்டவர், தன் வீட்டுக் கூரையைத் தானே அறுத்தவர் போன்றவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு வழியும் இல்லை. கேட்பதற்கு முதலாளி கிடையாது. சிவில் கோர்ட்டில் தயாரிப்பாளர் மேல் வழக்கு போடலாம். ஆனால் எந்தக் கம்பெனி ஷீட்டின் தூசி என்று நிரூபிப்பது மலையைப் புரட்டும் வேலை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் இறப்பு உதவித்தொகை கேட்கலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அதற்கும் சிக்கல்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் வேலை கொடுத்த கம்பெனியோ அதன் இன்சூரன்சோ கண்டுபிடிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்காகவே 2014-ல் தனிச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் வசூலித்த பணத்தில் இருந்து மீசோதீலியோமா நோயாளிக்கோ, இறந்தவர் குடும்பத்துக்கோ தருகிறார்கள். தென் ஆப்பிரிக்க சுரங்கத் தொழிலாளர்கள் கேப் என்ற பிரிட்டிஷ் கம்பெனி மேல் லண்டனில் வழக்கு போடலாம் என்று அங்குள்ள பிரபுக்கள் சபை 2000-ல் தீர்ப்பு சொன்னது. சுமார் 7,500 பேர் சேர்ந்த அந்த வழக்கு 2003-ல் சமரசத்தில் முடிந்து நஷ்டஈடு கிடைத்தது. இந்தியாவில் அப்படி ஒரு நிதி கிடையாது. கம்பெனி மூடினால் குடும்பம்தான் அலைய வேண்டும்.

காகிதம்தான் கழுத்தைப் பிடிக்கும்

நெஞ்சு சளி, விடாத இருமல் என்றால் பெருந்துறை சானடோரியம் என்று போய்ப் பழகிய ஊர் இது. மூச்சு வாங்கினால் டி.பி. என்று மருந்து சாப்பிட்டே காலம் ஓடி விடும். கடைசியில் இறப்புச் சான்றில் "மூச்சுத் திணறல்", "இதய நிறுத்தம்" என்று எழுதி விடுவார்கள். அந்த ஒரு வரியில் வழக்கே அடிபட்டுப் போகும்.

"பீடி குடிச்சாரு, அதனால வந்துச்சு" என்பது அடுத்த எதிர்வாதம். மீசோதீலியோமா பீடி, சிகரெட்டால் வருவது இல்லை. நுரையீரல் புற்றுநோயில் புகைப்பழக்கமும் ஆஸ்பெஸ்டாசும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும். அதாவது, பீடி குடித்தவர் என்பதால் தூசிக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. எந்த வகைப் புற்றுநோய் என்பதைத் திசுப் பரிசோதனை அறிக்கைதான் சொல்லும். அதனால்தான் அது முக்கியம்.

குடும்பத்தார் கையில் வைத்திருக்க வேண்டியவை:

1. பயாப்சி அறிக்கை, சி.டி. ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு. ஆள் உயிரோடு இருக்கும்போதே, செய்த வேலையையும் வருஷங்களையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

2. இறப்புக்கான காரணம் பற்றிய மருத்துவச் சான்றில் மூல நோயின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. வேலை செய்ததற்கு ஆதாரம். பி.எப். சீட்டு, இ.எஸ்.ஐ. எண், சம்பளச் சீட்டு, கேட் பாஸ், எது கிடைத்தாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் கூட வேலை செய்தவர்களின் பிரமாண வாக்குமூலம்.

4. உடல்நலப் பதிவேட்டின் நகல் கேட்டு ஆலைக்குப் பதிவுத் தபாலில் கடிதம். 1995 தீர்ப்பைக் குறிப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே கோர்ட்டில் ஆதாரம்.

வக்கீல் பீஸ் இல்லையா?

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். கணவனை இழந்த பெண் ஈரோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மில்லில் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயும் இதே தொழில்சார் நோய்ப் பட்டியலில்தான் இருக்கிறது. தறியும் ஸ்பின்னிங் மில்லும் நிறைந்த இந்த வட்டாரத்தில் இதைத் தெரிந்து கொண்டு மனு போடுகிறவர்கள் அதிகம் இல்லை.

பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பி.எப். சீட்டைக் கறையான் அரிப்பதற்குள் எடுத்து வைப்பது நல்லது. பிறகு தேடினால் கிடைக்காது.