பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு மிகச் சிறியது. வயது வராதவரையோ உரிமம் இல்லாதவரையோ உரிமையாளர் தன் வண்டியை ஓட்ட விடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 1988இல் புதுச் சட்டம் வந்தபோதும் அந்தப் பிரிவு அதே எண்ணில் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. 2019 திருத்தம் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து விஷயத்தை நேராக வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை உரிமம் இல்லாமல் வண்டியோடு சிக்கினால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்’ என்று சொன்னால் போதாது. தெரியாது என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் பெற்றோரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. பேசியதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஒரு வார்த்தைதான்: கொடுக்காதே. பிள்ளைக்கு யார், எப்போது, எங்கே கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு அது சரியாக வாயைத் திறந்ததே இல்லை.

1939இல் இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. கார் வைத்திருந்த வீடுகள் சொற்பம். அவற்றிலும் டிரைவர் இருந்தார். மற்றவர்களுக்கு வண்டி ஓட்டுவது ஒரு பிழைப்பு. லாரித் தொழில் வளர்ந்த ஊர்களில் பையனை டிரைவரிடம் கொண்டுபோய், “அண்ணே, கூடவே வச்சுக்கங்க” என்று ஒப்படைத்துவிட்டு வருவார்கள். அவன் கிளீனராகச் சேர்ந்து வண்டி கழுவுவான், டயர் கழற்றுவான், ராத்திரி முழுக்கப் பேச்சுக் கொடுத்து டிரைவரைத் தூங்காமல் பார்த்துக்கொள்வான். ஸ்டியரிங்கைத் தொட ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த முறையில் அடியும் உதையும் சுரண்டலும் இருந்தன. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பையனுக்குச் சாலை பழகியிருந்தது.

வண்டி வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பால்காரர், மளிகைக்கடைக்காரர், வாத்தியார், கிராம செவிலியர் என்று எல்லோருடைய வண்டியாகவும் அது ஆனது. அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் ரேஷன் அரிசி மூட்டையை யார் ஏற்றி வருவது? பத்தாவது படிக்கும் பையன்தான். குரங்கு பெடல் போட்டு வாடகை சைக்கிள் பழகியவனுக்கு மொபெட் ஒரு பொருட்டே இல்லை. “ஓட்டத் தெரிஞ்சா போதும், லைசென்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம்” என்று பெற்றோர் சொல்லத் தொடங்கியது இங்கேதான். அதை வெறும் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. மாட்டுவண்டியையும் வயலில் டிராக்டரையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழகிய சமூகம் மொபெட்டையும் வீட்டு வேலையின் கணக்கில்தான் சேர்த்தது.

1988 சட்டம் இந்த நிலைமையை ஓரளவு புரிந்துகொண்டது என்றே சொல்லலாம். பதினாறு முடிந்தவர் கியர் இல்லாத இருசக்கர வண்டியை ஓட்டலாம் என்றது. அதற்கான பழகுநர் உரிமத்துக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. பெற்றோரைக் குற்றவாளியாக மட்டும் பாராமல் பொறுப்பாளியாகவும் பார்த்த ஒரே இடம் இது. 1994 திருத்தம் ‘கியர் இல்லாத’ என்பதை ‘50 சிசிக்கு மேற்படாத’ என்று மாற்றியது. அதற்குள் சந்தை வேறு பக்கம் திரும்பிவிட்டது. 2000க்குப் பிறகு தெருவெல்லாம் ஓடியவை பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்ட ஸ்கூட்டர்கள். பழைய டிவிஎஸ் 50இன் வாரிசே இன்று எக்ஸ்எல் 100 என்ற பெயரில் விற்கிறது. பதினாறு வயதுக்காரருக்குச் சட்டம் திறந்துவைத்த வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதன் வழியே ஓட்டிப்போக ஷோரூமில் வண்டிதான் கிட்டத்தட்ட இல்லை.

காலி இடத்தை மின்சார வண்டி நிரப்பியிருக்கிறது. 250 வாட்டுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. உரிமம், பதிவு, வயது வரம்பு எதுவும் அதற்கு இல்லை. டியூஷனுக்குப் போகும் பெண்ணுக்குப் பெற்றோர் தேடித் தேடி வாங்கித் தருவது இதைத்தான். சட்டத்தை மீறாமல் சமாளிக்கும் வழி என்று நிம்மதி அடைகிறார்கள். வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அது ஒருபுறம் இருக்கட்டும். வலதுபுறம் திரும்பும்போது பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உரிமத்துக்கான தேர்வு சொல்லிக்கொடுக்கிறதா என்றால் இல்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் தெரியும். சுண்ணாம்பு மங்கிப்போன எட்டு. வேப்பமரத்தடியில் அப்பாக்கள். “காலை மட்டும் ஊனிடாதடா” என்பதுதான் கடைசி நிமிட உபதேசம். பையன் எட்டு போடுகிறான், ஆய்வாளர் தலையசைக்கிறார், அடுத்த ஆள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிறுத்தத்திலிருந்து பேருந்து திடீரென்று வெளியே வந்தால் என்ன செய்வாய், எதிர்வண்டியின் ஹைபீம் கண்ணைக் கூசினால் என்ன செய்வாய், ஓரத்து மணலில் பிரேக் பிடிக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினால் ‘எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க’ என்பது பெற்றோரின் நம்பிக்கை. உரிமம் அவர்களுக்கு ரேஷன் கார்டைப் போல எடுத்துவைக்க வேண்டிய ஒரு அட்டை. அரசே அதை அப்படி நடத்தும்போது பெற்றோரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அந்த எண்ணுக்கும் இந்த மைதானத்துக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

அரசால் கற்றுக்கொடுக்க முடியாது என்பதும் உண்மையில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் செவிலியர்களும் ஊர்க்கேலியைத் தாண்டி ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். ‘பொம்பளப் புள்ளைக்கு சைக்கிள் எதுக்கு’ என்று கேட்ட ஊர்களில்தான் பிற்பாடு மகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த இலவச சைக்கிளைப் பெற்றோர் துடைத்து வைத்தார்கள். பெற்றோரின் பார்வை கல்லில் பொறித்ததல்ல. இன்று மகனுக்கு வண்டி கொடுக்க யோசிக்கும் அம்மாகூட மகளுக்குக் கொடுத்துவிடுகிறார். பேருந்து நிறுத்தத்தில் இருட்டில் அவள் காத்து நிற்பதைவிட அது மேல் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. 300 சொல் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கொடுத்ததில் நாடே கொதித்தது, தந்தை கைதானார். கோபம் சரியானதுதான். ஆனால் அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருந்தும் தண்டனை, ரேஷன் மூட்டை ஏற்றிவரும் வீட்டின் மீதும் அதே எடையோடு விழுகிறது.

நியூசிலாந்து இதை 1987இல் வேறு மாதிரி அணுகியது. உரிமத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தது. முதலில் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்து தனியாக ஓட்டலாம், ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை கூடாது; நண்பர்களை ஏற்றிக்கொள்ளவும் கூடாது. அதன் பிறகே முழு உரிமம். 2011இல் தொடக்க வயதைப் பதினைந்திலிருந்து பதினாறாக உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1996இல் ஃபுளோரிடா தொடங்கிவைக்க, மற்ற மாநிலங்களும் இதே வழிக்கு வந்தன. அங்கே பெற்றோரின் வேலை சாவியை ஒளித்துவைப்பது அல்ல. மாதக்கணக்கில் பக்கத்து சீட்டில் உட்காருவது.

நம்மிடம் அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 50 சிசி என்ற செத்துப்போன அளவை எடுத்துவிட்டு, குறைந்த திறன் கொண்ட மின்சார ஸ்கூட்டர்களை அந்தப் பதினாறு வயது உரிமத்துக்குள் கொண்டுவரலாம். பெற்றோரின் சம்மதக் கையெழுத்து அதே சட்டத்தில் தயாராக இருக்கிறது. இரவுத் தடையும் பின்சீட்டுத் தடையும் சேர்த்து, எட்டு போடுவதற்குப் பதில் ஆய்வாளர் இன்னொரு வண்டியில் பின்தொடர உண்மையான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் வகுப்பில் இலவச சைக்கிள் கொடுக்கும் அரசு, அதே பள்ளி மைதானத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் சாலைப் பாடம் நடத்த ஆள் போடலாம்.