பூச்சியத்தில் தொடங்கினால் போதுமா?

ஒவ்வொரு திணைக்களமும் ஆண்டுதோறும் பூச்சியத்திலிருந்து செலவை நியாயப்படுத்தட்டும், வீண்விரயம் தானாக ஒழியும்: 2022 ஏப்ரலில் இலங்கை கடன் கட்ட முடியாதென்று கைவிரித்ததிலிருந்து படித்தவர் வாயிலெல்லாம் இதே பேச்சு. போன ஆண்டுத் தொகையோடு கொஞ்சம் கூட்டிப்போட்டு அனுப்புவது சோம்பேறித்தனம்தான். மறுக்கவில்லை. ஆனால் எதைப் பூச்சியமாக்குவார்கள்? 2023இல் அரச வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் எந்த அமைச்சர் கைவைப்பார்? மிஞ்சுவது வாய்க்கால் தூர்வாரல், வாகன எரிபொருள், பாடசாலைக் கூரை. கத்தி இறங்குவது அங்கேதான்.

தோட்டவெளி வீதியோரத்து வடிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்த் தீவு தட்டை நிலம். ஐப்பசி பிறந்தால் வெள்ளம் வடிய வழி தேடும். வடிகால் ஏன் வேண்டும் என்று பிரதேச சபையின் முகாமைத்துவ உதவியாளர் ஆண்டுதோறும் புதிதாக நிரூபிக்க வேண்டுமாம்! அங்குள்ள சிக்கலே வேறு. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. மூலதன ஒதுக்கீடு இழுபட்டுக் கைக்கு வரும்போது வானம் இருண்டுவிடும். தண்ணீருக்குள் கொங்கிறீட் போட முடியாது. செலவாகாத காசு திரும்பிப் போகும். அடுத்த ஆண்டு பூச்சியக் கணக்குக் கேட்பவர், "போனமுறை செலவழிக்கவில்லையே, அப்படியென்றால் தேவையில்லைத்தானே?" என்பார். காசைப் பிந்தி அனுப்பியவரை யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பூச்சியக் கணக்கு முறையைத் தனியார் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து அரசாங்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜிம்மி கார்ட்டர். 1970களின் தொடக்கத்தில் ஜோர்ஜியா ஆளுநராக, 1977இல் ஜனாதிபதியாக. அங்கும் பூச்சியத்தை எவரும் தொடவில்லை. நடப்புச் செலவின் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இருந்த கொசுறைத்தான் தரம்பிரித்தார்கள். கடதாசி குவிந்தது. 1981இல் ரீகன் நிர்வாகம் அதைக் கைவிட்டது. எங்கள் திறைசேரிச் சுற்றறிக்கைகளில் மட்டும் அந்தச் சொல் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.

எந்தச் செலவு முக்கியம் என்று வரிசைப்படுத்துவது அரசியல் தீர்ப்பு. அதைச் சொல்ல வேண்டியவர்கள் எங்கே? 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் தேர்தலில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேல் செயலாளர்கள் கையில் இருந்தன. வாக்குக் கேட்டு வராத ஒருவர் மேசையில் தோட்டவெளி எத்தனையாவது இடம் பிடிக்கும்? நன்றாக அறிக்கை எழுதத் தெரிந்த கொழும்பு அமைச்சுதான் மேலே நிற்கும்.

மூலதன நிதியை ஆடிக்குள் விடுவியுங்கள். மழையால் நின்ற வேலையின் காசை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். மாகாண சபைத் தேர்தலை வையுங்கள். பூச்சியத்திலிருந்து கணக்குக் கேட்டே தீருவோம் என்பவர்கள், பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடி, அரசின் பிணையில் கடன் வாங்கிய ஸ்ரீலங்கன் விமான சேவையிடம் போய்க் கேட்கட்டும்.