பேரைக் கேளுங்கள்

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த ராத்திரி. தரை துடைக்க வந்த அக்காதான் கட்டில் துணியில் ரத்தம் கசிவதை முதலில் பார்த்தார். நர்ஸிடம் போகவில்லை. என்னிடம் வந்தார். "நாஞ் சொன்னா 'ஒன் வேலையப் பாரு'ம்பாங்க. நீங்க போயிச் சொல்லுங்க தம்பி."

வங்கியில் கணக்கெழுதுகிறவன் நான். ஒரு கணக்குச் சொல்கிறேன். 2008இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்று கொடுத்தது. கத்தி வைக்கும் முன் அங்கிருக்கிற எல்லாரும் தம் பேரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு: சாவு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியல் முழுக்கச் சேர்ந்து தந்த பலன்தான். ஆனாலும் பேர் சொல்லிப் பேச ஆரம்பித்த வாய், தப்பைக் கண்டால் சும்மா இருக்காது.

நம் வார்டில் டாக்டர் 'சார்', நர்ஸ் 'சிஸ்டர்'. துடைக்கிறவர் 'ஏய், இந்தா'. துடைப்பம் எந்தச் சேரியிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தக் கூலி வேறு. எதிர்த்துப் பேசினால் நாளைக்கு வேலை இல்லை. 'கூட்டுப் பணி' என்று வகுப்பு எடுக்கிறவர்கள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டதுண்டா? ஷிப்ட் மாறும்போது அவரையும் நிறுத்தி, 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்கச் சொல்லிப் போராடுவோம். சாதி பொத்திய வாயால் சாகிறவர் எந்தச் சாதிக்காரராகவும் இருக்கலாம்.

தோழர்களே, வார்டுக்குப் போனால் முதலில் அவர் பேரைக் கேளுங்கள். அன்றைக்கு நானும் கேட்கவில்லை.