ரொட்டியை நிறுத்து என்பவர்களுக்கு

தோழர்களே, சீனி வருத்தம் என்று கிளினிக் போனால் முதல் கேள்வி, "ரொட்டி சாப்பிடுறீங்களா?" மலைக்குக் கட்டிக்கொண்டு போக வேறு என்ன இருக்கிறது?

இந்த மாவை நாம் தேடிப் போகவில்லை. திருச்சி, சேலம் பக்கமிருந்து வந்த நம் பூட்டன்மார் கேழ்வரகும் கம்பும் தின்றவர்கள். அரிசியையும் பிறகு கோதுமை மாவையும் தோட்டமே அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்தது. பழக்கியவர்கள் அவர்கள், குற்றவாளி நாமா?

ஆனாலும் வருத்தம் நம் உடம்பில்தான். மூன்று ரொட்டியை இரண்டாக்கிப் பருப்பும் வல்லாரையும் சேர்த்தால் சீனி மெதுவாக ஏறும். மாவில் பாதி குரக்கன் கலக்கலாம். குரக்கனும் மாதான், அளவு வேண்டும். தேத்தண்ணிக்குக் கருப்பட்டி கடிப்பதில் பயனில்லை, அதுவும் சீனிதான். மாத்திரை போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு மலை ஏறாதீர்கள். சில மாத்திரைகள் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும்; சரிவில் தலை சுற்றினால் பிடிக்க ஆளில்லை.

சரி, கீரையை எங்கே போடுவது? லயத்து வாசல் மண்கூட கம்பனியுடையதாம். கிளினிக் போனால் அன்றைய பேர் போகிறது. பேர் போனால் குரக்கன் வாங்கக் காசு ஏது?

கிளினிக் துண்டு காட்டுபவரின் பேரை வெட்டக்கூடாது. மாதம் ஒருமுறை தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இரத்தம் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு கீரைப் பாத்திக்கு நிலம் வேண்டும். தோட்டத் தலைவர்மார் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கிளினிக் போய்ப் பேர் இழந்தவர்களின் பட்டியலையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.